"நீங்க பாத்துக் குடுங்க" என்று சொல்லும் வரைக்கும் அது தொழில் இல்லை

 

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளையை ஓ.எல். எழுத வைத்துவிட்டு "அடுத்தது என்ன?" என்று யோசிக்கும் வாப்பா உம்மாமார், தோட்டத்து அப்பா அம்மாமார், டவுனில் கடை வைத்திருக்கும் நாநாமார் எல்லோரும் ஆறுதலாக வாசித்துவிட்டு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

விஷயம் இதுதான். வீட்டு முற்றம், கெஸ்ட் ஹவுஸ், ஹோட்டல், பாடசாலை, பள்ளிவாசல் வளவு போன்ற இடங்களை வடிவாக அமைத்துப் பராமரிக்கும் வேலைக்கு லேண்ட்ஸ்கேப்பிங் என்று பெயர். பதுளையில் இருந்து தெமோதரை, எல்ல, பண்டாரவளை, தியத்தலாவை, அப்புத்தளை வரைக்கும் இந்த வேலைக்குத் தேவை இருக்கிறது. இந்த வேலை தெரிந்த கைகளும் இங்கேதான் இருக்கின்றன. ஆனால் அந்தக் கைகள் நாட்கூலிக்குப் போகின்றன, இல்லாவிட்டால் கொழும்புக்கு பஸ் ஏறுகின்றன. அங்கேயும் யாரோ ஒருவரின் தோட்டத்தில் யாரோ ஒரு கொந்தராத்துக்காரருக்குக் கீழேதான் நிற்கின்றன.

இதை மாற்ற முடியும் என்று நாங்கள் நினைக்கிறோம். ஏன், எப்படி என்று எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறோம்.

முதலில் ஒரு கேள்வி. லேண்ட்ஸ்கேப்பிங் என்றால் என்ன? கொழும்பில் கேட்டால் புல் பதிப்பது, பூமரம் வைப்பது, லைட் போடுவது என்பார்கள். ஊவாவில் அந்த விளக்கம் சரிவராது. இங்கே நிலம் சமதரை இல்லை. பதுளை டவுன் கடல் மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 680 மீற்றர், பண்டாரவளை 1,200 மீற்றர், அப்புத்தளை 1,400 மீற்றருக்கும் மேல். ஒரே மாவட்டத்துக்குள் இவ்வளவு ஏற்ற இறக்கம் இருப்பதால், முற்றம் அமைப்பதில் முக்கால்வாசி வேலை தண்ணீர் வேலைதான். மேலே இருந்து வரும் மழைத் தண்ணீரை எங்கே மறித்து, எந்தப் பக்கம் திருப்பி, எப்படி மெதுவாக இறக்குவது என்பதுதான் முதல் பாடம். பூமரம் இரண்டாவது பாடம்.

அந்த முதல் பாடத்தை நம் தோட்டத்து ஆட்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. தேயிலை மலையில் கான் வெட்டத் தெரிந்தவருக்கு, மலைக்குக் குறுக்கே லேசான சரிவோடு கான் போக வேண்டும், நடுநடுவே சின்ன அணை விட்டால் அடித்து வரும் மண் அதற்குள் தங்கும், தண்ணீர் மட்டும் வழிந்து போகும் என்பது தெரியும். கருங்கல் கட்டத் தெரிந்தவருக்கு, சீமெந்து இல்லாமல் கல்லை உள்நோக்கிச் சாய்த்து அடுக்கினால் இடுக்கு வழியாகத் தண்ணீர் கசிந்து கல்லுக்கட்டு நிற்கும் என்பது தெரியும். இன்று புதிதாகக் கட்டும் எத்தனையோ சீமெந்து மதில்களில் தண்ணீர் வெளியேற ஓட்டை விடுவதில்லை. மழைக்குப் பின்னால் இருக்கும் மண் தண்ணீரைக் குடித்துக் கனக்கிறது, மதில் வயிறு தள்ளிக்கொண்டு முன்னால் வருகிறது. பெரியவர்கள் சிலர் அதைப் பார்த்த உடனேயே சொல்லிவிடுவார்கள். அவர்களிடம் கேட்கத்தான் ஆள் இல்லை.

கவ்வாத்து இன்னொரு வித்தை. நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை தேயிலையை வெட்டும்போது எந்த உயரத்தில் வெட்டுவது, வெட்டு வாயில் தண்ணீர் தேங்காமல் எப்படிச் சரித்து வெட்டுவது, மரப்பட்டை கிழியாமல் கத்தியை எப்படி வீசுவது என்பதெல்லாம் கையில் ஊறிய அறிவு. ஹோட்டல் வேலிச் செடியை ஒரே மட்டத்துக்கு வெட்டுவதற்கு அதைவிடப் பெரிய பயிற்சி வேண்டாம். நாற்றுமேடை வேலை தெரிந்த பெண்கள் இருக்கிறார்கள். ஒரு இலை ஒரு கணுவோடு தண்டை வெட்டி, பொலித்தீன் பையில் ஊன்றி, நிழல் கட்டி, மாதக்கணக்கில் ஈரம் பார்த்து வீ.பி. கன்றை ஆளாக்குபவர்கள் அவர்கள்தான். ஹைட்ரேஞ்சியா, செவ்வரத்தை, குரோட்டன் எல்லாம் தண்டு வெட்டி வளர்க்கக்கூடியவைதான். இது அந்தக் கைகளுக்குப் புது வேலை இல்லை.

கொஞ்சம் சரித்திரத்தையும் பார்ப்போம். ஹக்கலைத் தோட்டம் 1861 இல் சிங்கோனா மரத்தைப் பரீட்சித்துப் பார்க்க ஆரம்பிக்கப்பட்டது. பதுளையிலும் 1886 இல் அரச தாவரவியல் தோட்டத்தின் கிளையொன்று தொடங்கப்பட்டது. அப்புத்தளையில் உள்ள அடிஷாம் பங்களாவை 1931 இல் சேர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டினார், இன்று அது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடமாக இருக்கிறது. அங்கே போகும் எல்லோரும் தோட்டத்தின் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். கட்டியவரின் பெயர் எல்லோருக்கும் தெரியும். இந்த மலைநாட்டில் துரை பங்களா ஒவ்வொன்றிலும் புல்வெளியைச் சமப்படுத்தி, ரோஜாவை வெட்டி, சைப்ரஸ் வேலியை நேராக நிறுத்தியவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. அந்தப் பங்களாக்களில் பல இன்று ஹோட்டல்களாகிவிட்டன. அந்தத் தோட்டங்களைப் பார்ப்பதற்காகவே வெளிநாட்டவர் காசு கொடுத்துத் தங்குகிறார்கள். கூலி வேலை என்று நாம் கணக்கில் எடுக்காத அந்த வேலைதான் இன்று விலைபோகிறது.

இன்னொரு உதாரணம். பேருவளைக்குக் கிட்ட, தர்கா நகருக்குப் பக்கத்தில் பிரீப் கார்டன் என்று ஒரு தோட்டம் இருக்கிறது. பேர்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவின் மூத்த சகோதரர் பெவிஸ் பாவா 1929 இல் இருந்து ஒரு இறப்பர்க் காணியைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி அமைத்த தோட்டம் அது. தந்தை வழியில் முஸ்லிம் பரம்பரையில் வந்த குடும்பம். பெவிஸ் பாவா சொந்தத் தோட்டத்தோடு நிற்கவில்லை, மற்றவர்களுக்கும் தோட்டம் அமைத்துக் கொடுத்தார். அவரிடம் காணி இருந்தது, வசதி இருந்தது, பெரிய மனிதர்களின் பழக்கம் இருந்தது. நம் பிள்ளைகளிடம் அது எதுவும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் தோட்டம் அமைப்பது கௌரவமான தொழில் என்று இந்த நாட்டில் எப்போதோ நிரூபிக்கப்பட்டுவிட்டது. அதே வேலையைப் பணக்காரர் செய்தால் கலை, நம் பிள்ளை செய்தால் "தோட்டக்காட்டு வேலை" என்று சொல்லும் வாயை முதலில் மூட வேண்டும்.

இப்போது காசுக் கதைக்கு வருவோம். தொழில் விழும் இடம் அதுதான்.

இப்படி ஒரு உரையாடலை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள்.

"தம்பி, இந்த முற்றத்த வடிவாக்கித் தரணும். எவ்வளவு எடுப்பீங்க?"

"நீங்க பாத்துக் குடுங்க ஹாஜியார்."

ஹாஜியார் என்ற இடத்தில் சேர் என்று வரலாம், மாத்தயா என்று வரலாம். அந்தத் தம்பி மரியாதைக்காகத்தான் அப்படிச் சொல்கிறார். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் தன் வேலையின் விலையைத் தீர்மானிக்கும் உரிமையை அடுத்தவர் கையில் கொடுத்துவிடுகிறார். வேலை முடிந்த பிறகு கிடைப்பது கூலியா, சதகாவா என்று அவருக்கே விளங்காது.

சரி, விலை சொல்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். எப்படிச் சொல்கிறார்? ஒரு உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் விளக்கத்துக்குத்தான். உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

10 பேர்ச் வளவு. மூன்று பேருக்கு ஐந்து நாள் வேலை. ஆளுக்கு நாளொன்றுக்கு 2,500 ரூபாய் என்றால் கூலி 37,500. கன்றும் புல்லும் 24,000. கொம்போஸ்ட்டும் மண்ணும் 12,000. கூட்டினால் 73,500. தம்பி மனதுக்குள் இந்தக் கணக்கைப் போட்டு, "எண்பதாயிரம் தாங்க" என்கிறார். 6,500 மிச்சம் என்று சந்தோஷப்படுகிறார்.

அவர் விட்டது என்ன? லொறிக்கும் த்ரீவீலுக்கும் 9,000. பட்டுப்போகும் கன்றுக்குப் பதில் கன்று வைக்கப் பத்து வீதம், அதாவது 2,400. புல்வெட்டும் மெஷினுக்குப் பெற்றோல், தேயும் மம்பட்டி, கத்தி எல்லாவற்றுக்கும் 3,500. வேலைக்கு முன் வந்து அளந்து, நேர்சரிக்குப் போய்க் கன்று தேடி, வீட்டுக்காரரோடு பேசிய இரண்டு நாளுக்கு 5,000. இதையெல்லாம் சேர்த்தால் உண்மையான செலவு 93,400. எண்பதாயிரத்துக்கு வேலை செய்தால் 13,400 ரூபாய் நட்டம். அந்த நட்டத்தை யார் கட்டுகிறார்? அந்த மூன்று பேரில் ஒருவர் அவர்தானே. தன் ஐந்து நாள் கூலியான 12,500 ரூபாயை முழுதாக விட்டுக்கொடுத்தும் இன்னும் 900 ரூபாய் குறைகிறது. கையில் ஒரே தடவையில் எண்பதாயிரம் வந்ததால் நட்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மூன்று மாதத்தில் மெஷின் பழுதாகும்போதுதான் தெரியும். அப்போது "இந்தத் தொழில் சரிவராது" என்று கொழும்புக்குப் போய்விடுவார்.

செலவுக்கு மேல் இருபது வீதம் வைத்தால் 112,080 ரூபாய். அந்த இருபது வீதத்தைப் பேராசை என்று யாரும் நினைக்கக் கூடாது. மழை பெய்து வேலை நின்ற நாளுக்கும், சல்லி பிந்தி வந்த மாதத்துக்கும், அடுத்த மெஷினுக்கும் உரிய காசு அது. டவுனில் கடை வைத்திருக்கும் எவரும் கொள்விலைக்கே விற்பதில்லை. அந்தத் தம்பி மட்டும் ஏன் விற்க வேண்டும்?

இந்தக் கணக்குக்குப் பட்டம் தேவையில்லை. ஓ.எல். வகுப்பில் வணிகமும் கணக்கீட்டுக் கல்வியும் படித்த பிள்ளைக்கு இது தெரியும். விவசாயமும் உணவுத் தொழினுட்பமும் படித்த பிள்ளைக்குக் கன்று தெரியும். ஏ.எல். தொழினுட்பப் பிரிவு 2013 இல் வந்த பிறகு உயிர்முறைமைகள் தொழினுட்பம் படித்து வெளியே வந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். கணக்குத் தெரிந்தவர் ஒரு பக்கம், கத்தி பிடிக்கத் தெரிந்தவர் இன்னொரு பக்கம். இந்த இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்கார வைப்பதுதான் பாக்கி.

தொழிலை வளர்ப்பது பற்றியும் இரண்டு வார்த்தை. புதிதாகத் தோட்டம் அமைப்பது ஒரு வீட்டுக்கு ஒரு தடவைதான். அதையே நம்பினால் இந்த மாதம் வேலை இருக்கும், அடுத்த மாதம் இருக்காது. நிலைத்த வருமானம் பராமரிப்பில்தான். பன்னிரண்டு இடத்துக்கு மாதம் இரண்டு தடவை போவதாக ஒப்பந்தம் இருந்தால் மாதத்தில் இருபத்து நான்கு வேலைநாள் உறுதி. இரண்டு குடும்பத்துக்கு அது அடுப்பெரியப் போதும். புது வேலை கிடைத்தால் அது மேலதிகம். ஆகவே புதுத் தோட்டம் கொடுத்த அன்றைக்கே "ஒரு வருடத்துக்கு நாங்களே பார்த்துக்கொள்கிறோம், மாதம் இவ்வளவு" என்று பேச வேண்டும். நாட்டிய கை போய்விட்டால் ஆறு மாதத்தில் தோட்டம் காடாகிவிடும் என்பது வீட்டுக்காரருக்கும் தெரியும்.

ஊவாவின் பருவமும் இந்தத் தொழிலுக்கு ஒரு கலண்டர் போட்டுத் தந்திருக்கிறது. நமக்குப் பெரிய மழை ஒக்டோபரில் இருந்து ஜனவரி வரை. கன்று நடுவதற்கும் புல் பதிப்பதற்கும் அந்த மழையின் ஆரம்பம்தான் நேரம். ஜூலை, ஓகஸ்டில் கச்சான் காற்று அடித்து நிலம் காயும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி வாசனை தரும் அதே காற்று புதுக் கன்றைக் கொன்றுவிடும். அந்த மாதங்களில் கல்லுக்கட்டு, படிக்கட்டு, கான் துப்புரவு, நடைபாதை வேலைகளை வைத்துக்கொள்ள வேண்டும். கொழும்பில் இருந்து வரும் கொந்தராத்துக்காரர் ஹோட்டல் திறப்பு விழாவுக்காக ஓகஸ்டில் புல் பதித்துவிட்டுப் போவார். புல் காயும்போது அவர் இங்கே இருக்கமாட்டார். உள்ளூர் ஆளின் பலம் இதுதான், அதைச் சொல்லி விலை கேட்கலாம்.

மண்ணும் அப்படித்தான். நம் மலை மண் புளிப்பு மண். அதனால்தான் வெலிமடைப் பக்கத்தில் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூக்கிறது. அதே செடிக்கு டொலமைட் போட்டுப் புளிப்பைக் குறைத்தால் இளஞ்சிவப்பாகப் பூக்கும். தேயிலை மலைக்கு டொலமைட் வீசிய கைக்கு இது ஐந்து நிமிடப் பாடம். கெஸ்ட் ஹவுஸ்காரருக்கு அது ஒரு மாயாஜாலம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். மண்சரிவு.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போனதை இந்த மாவட்டம் மறக்காது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் பதுளை மாவட்டம் பட்ட பாடு இன்னும் ஆறாத காயம். பெரிய மலை சரிவதை ஒரு மம்பட்டியால் தடுக்க முடியாது. அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக மண்ணை வெட்டுவதும், கானை அடைத்து அதற்கு மேல் சீமெந்து போடுவதும், கூரைத் தண்ணீரை அப்படியே சரிவில் விடுவதும் நம் கையில் நடக்கும் காரியங்கள். முற்றம் அமைக்கப் போகிறவர்தான் இதை முதலில் பார்க்கிறார். "இந்த இடத்தில் வெட்டக் கூடாது" என்று சொல்லும் தைரியம் அவருக்கு இருக்க வேண்டும், வேலை கைவிட்டுப் போனாலும் சரி. நிலத்தில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இறுகித் திறக்க முடியாத கதவு ஆகியவை தெரிந்தால் அது லேண்ட்ஸ்கேப்பிங் வேலையே இல்லை. கிராம உத்தியோகத்தருக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் சொல்ல வேண்டிய வேலை.

சிறிய சரிவுகளுக்குச் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. வெட்டிவேர்ப் புல்லைச் சம உயரக் கோட்டில் நெருக்கமாக நட்டால் அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் இரண்டு மூன்று மீற்றர் ஆழத்துக்கு நேராக இறங்கும். மேலே அடர்ந்த புல் மண்ணை மறிக்கும். கிளிரிசீடியா வேலி போட்டால் மண்ணும் நிற்கும், வெட்டும் தழை பசளையாகும். சம உயரக் கோட்டைக் கண்டுபிடிக்க ஆயிரக்கணக்கில் கருவி வாங்கத் தேவையில்லை. இரண்டு சம நீளக் கம்பை மேலே சேர்த்துக் கட்டி, நடுவில் குறுக்குக் கம்பு போட்டு, உச்சியில் இருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிட்டால் போதும். நூல் குறுக்குக் கம்பின் நடு அடையாளத்தில் நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டம். தரம் எட்டுப் பிள்ளை செய்யும் வேலை. பூ விற்கும் தொழில் என்று நினைத்ததில் உயிர் காக்கும் பகுதி இதுதான். இந்த மாவட்டத்துக்கு இந்தத் தொழில் வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதற்கு முதல் காரணமும் இதுதான்.

"எல்லாம் சரி சேர், முதல் எங்கே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

முதல் தடை காணி. லயத்தில் இருப்பவருக்கு நாற்றுமேடை போட ஒரு பேர்ச் சொந்தமில்லை. வியாபாரப் பெயர் பதிய பிரதேச செயலகத்துக்குப் போனால் தொழில் நடத்தும் இடத்துக்கு அத்தாட்சி கேட்பார்கள். 200 வருடமாக இந்த மலையில் இருக்கும் சமூகத்துக்கு விலாசம் இன்னும் பிரச்சினைதான். அரசாங்கம் தீர்க்க வேண்டிய பிரச்சினை இது. அதுவரைக்கும் டவுனில் காணி உள்ளவர்கள் வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடக்கும் நான்கு பேர்ச்சை எழுத்து மூலம் குத்தகைக்குக் கொடுக்கலாம். அந்த விலாசத்தில் வியாபாரத்தைப் பதியலாம். பதிந்தால்தான் வியாபாரப் பெயரில் வங்கிக் கணக்கு திறக்கலாம், பில் கொடுக்கலாம், ஹோட்டலோ பாடசாலையோ கேள்விப்பத்திரம் கோரினால் போடலாம்.

இரண்டாவது தடை சல்லி. வாரவட்டிக் கடன் எடுத்துத் தொழில் தொடங்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறோம். தோட்டத்துப் பெண்கள் எத்தனை பேர் அந்தக் கடனில் மூச்சுத் திணறினார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கையில் காசுள்ள வியாபாரிகளுக்கு மார்க்கத்தில் ஒரு வழி இருக்கிறது. முளாரபா. ஒருவர் முதல் போடுகிறார், மற்றவர் உழைப்பைப் போடுகிறார், இலாபத்தை முன்கூட்டியே பேசிய விகிதத்தில் பிரிக்கிறார்கள். உழைத்தவரின் கவலையீனம் இல்லாமல் நட்டம் வந்தால் முதல் போட்டவருக்குப் பணம் போகிறது, உழைத்தவருக்கு உழைப்பு போகிறது. வெள்ளி ஜும்ஆவில் கேட்ட சட்டம்தான். ஒரு புல்வெட்டும் மெஷினும், இரண்டு கவ்வாத்துக் கத்தியும், மம்பட்டி, அலவாங்கும், முதல் இரண்டு வேலைக்குக் கன்று வாங்கும் காசும் போதும். லொறி வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுக்கலாம். பங்காளி முஸ்லிமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. டவுன் கடையும் தோட்டத்துக் கையும் காலம் காலமாகக் கொடுக்கல் வாங்கலில் இருந்தவைதானே. கடன் கொப்பியில் எழுதிய உறவைப் பங்கு உறவாக மாற்றுங்கள்.

எழுதிக்கொள்ளவும் வேண்டும். "தெரிந்த ஆள்தானே, எதற்கு எழுத்து?" என்பது நம் ஊர்ப் பழக்கம். குர்ஆனில் ஆக நீளமான வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது பற்றித்தான் பேசுகிறது. வேலை என்ன, எத்தனை நாள், எவ்வளவு முற்பணம், மீதி எப்போது, பட்டுப்போன கன்றுக்கு எத்தனை மாதம் பொறுப்பு என்று ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வைத்தால் உறவு கெடாது. எழுதாமல் விட்டதால் கெட்ட உறவுகள்தான் அதிகம்.

மூன்றாவது தடை அத்தாட்சி. பத்து வருடம் கவ்வாத்து வெட்டியவரிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. தேசியத் தொழிற் தகைமையில், அதாவது என்.வீ.கியூ. முறையில், வகுப்புக்குப் போகாமலே ஏற்கெனவே உள்ள திறமையைப் பரீட்சித்துச் சான்றிதழ் தரும் வழி இருக்கிறது. நைட்டா, தொழிற்பயிற்சி அதிகார சபை அலுவலகங்களில் விசாரியுங்கள். பண்டாரவளையில் விவசாயத் திணைக்களத்தின் பிராந்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. கேட்கப் போவதற்கு வெட்கம் வேண்டாம்.

தொழில் வளர்ந்த பிறகு வரும் ஆபத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறோம். ஆள் கூடும்போது நம் பிள்ளையே புதுக் கங்காணி ஆகிவிடக் கூடாது. அந்தக் காலத்தில் கங்காணி முற்பணம் கொடுத்து, அந்தக் கடனாலேயே ஆளைக் கட்டிவைத்தார். கடன் தொகை எழுதிய துண்டோடு ஆட்கள் தோட்டம் விட்டுத் தோட்டம் கைமாறினார்கள். அந்தத் துண்டு முறையை 1921 இல் சட்டம் போட்டு ஒழிக்க வேண்டியிருந்தது. இன்றைக்கும் "அட்வான்ஸ் தந்திருக்கிறேன், வேற எங்கேயும் போகக் கூடாது" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தோட்டத்தில் நாட்சம்பளம் 2021 மார்ச்சில் 1,000 ரூபாய் ஆனதும், 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனதும் எத்தனை போராட்டத்துக்குப் பிறகு என்று நமக்குத் தெரியும். அரைப்பேர் போட்டதற்கு அழுத தாயின் பிள்ளை இன்னொருவருக்கு அரைப்பேர் போடக் கூடாது. வியர்வை உலர முன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில் இருப்பவர்கள் நாங்கள். வேலைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் அன்றைய கூலி அன்றைக்கே, ஈ.பீ.எப். பணமும் ஒழுங்காக.

அதே நியாயம் வேலை கொடுப்பவருக்கும் உண்டு. தோட்டம் முடிந்து பூவும் பூத்த பிறகு, "அடுத்த கிழமை வாங்க தம்பி" என்று நான்கு கிழமை அலைய விடும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. ஒரு சின்னத் தொழிலைக் கொல்வதற்கு இது போதும். பெரிய கொம்பனிக்கு மூன்று மாதம் பிந்தினால் வட்டி நட்டம். இரண்டு பேர் சேர்ந்த தொழிலுக்கு மூன்று கிழமை பிந்தினால் அரிசி இல்லை.

எல்லாப் பிள்ளைகளையும் இந்தத் தொழிலுக்கு அனுப்புங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. படிக்கக்கூடிய பிள்ளை படிக்கட்டும். எல்லவில் உல்லாசப் பயணிகள் குறைந்தால் இந்தத் தொழிலும் அடிவாங்கும், 2020 இல் அதைக் கண்ணால் பார்த்தோம். அதனால்தான் ஹோட்டலை மட்டும் நம்பாமல் வீடு, பாடசாலை, வழிபாட்டுத் தலம், ஆஸ்பத்திரி வளவு என்று பரவலாக வேலை பிடிக்க வேண்டும் என்கிறோம். கத்தியும் கணக்கும் தெரிந்த ஒரு பிள்ளைக்கு, ஊரை விட்டுப் போகாமலே தன் பெயரில் ஒரு பில் புத்தகம் அடித்து நிற்க இங்கே வழி இருக்கிறது.

கடைசியாக, ஊராரிடம் நான்கு வேண்டுகோள்.

பள்ளிவாசல், கோவில், விகாரை, தேவாலய நிர்வாகங்களும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் வருடத்துக்கு ஒரு நாள் சிரமதானம் வைப்பதோடு நிற்காமல், வளவுப் பராமரிப்பை ஒரு வருட எழுத்து ஒப்பந்தமாக உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். முதல் மூன்று ஒப்பந்தம்தான் ஒரு தொழிலைத் தூக்கி நிறுத்தும்.

டவுன் வியாபாரிகள் ஒரு மெஷினுக்கும் நான்கு பேர்ச் நிலத்துக்கும் பங்காளியாகுங்கள்.

ஆசிரிய நண்பர்களே, கலாசாலையில் நாம் படித்த செயற்பாட்டு வழிக் கற்றலுக்கு இதைவிட நல்ல செயற்பாடு இல்லை. பாடசாலைத் தோட்டத்துக்கு ஒரு செலவுக் கணக்குப் போடச் சொல்லுங்கள். மட்டச் சட்டம் கட்டச் சொல்லுங்கள். தோட்டத்துத் தாத்தா ஒருவரை வகுப்புக்கு அழைத்து, கான் எப்படி வெட்டுவது என்று பிள்ளைகள் முன்னால் சொல்லச் சொல்லுங்கள். தன் தாத்தாவை ஆசிரியரின் இடத்தில் பார்க்கும் பிள்ளை அந்த அறிவை இளக்காரமாக நினைக்காது.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, அடுத்த தடவை "எவ்வளவு?" என்று கேட்டால் "பாத்துக் குடுங்க" என்று சொல்லாதீர்கள். "அளந்து பார்த்துவிட்டு நாளைக்கு எழுத்தில் தருகிறேன்" என்று சொல்லுங்கள். மரியாதை குறையாது. கூடும்.

உங்கள் ஊரில் இந்த வேலை செய்யும் ஆட்கள் இருந்தால், அவர்களின் சம்மதத்தோடு விபரத்தைக் கருத்துப் பகுதியில் போடுங்கள். வேலை தேவைப்படுபவர்களும் போடுங்கள். நம் பிள்ளைகளின் கைகளில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. இந்த மலையையும் மலையில் வாழும் எல்லோரையும் பாதுகாப்பானாக. ஆமீன்.